ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியம் படிப்பது சரிதானா? அன்றாடப் பேச்சுத் தொடர்களுக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி: தக்கலைச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகில் உள்ள ஊரைச் சேர்ந்தவள். செவிலியர் பட்டப்படிப்பு முடித்து நாகர்கோவிலில் பணியாற்றிக்கொண்டே, வட இத்தாலியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் செல்ல முயன்று வருகிறேன். அங்கே செவிலியராகப் பதிவு செய்துகொள்வதற்கு அந்நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதால், இரவுப் பணி இல்லாத நாள்களில் இணையவழி வகுப்பில் இத்தாலியம் படிக்கிறேன். தொடக்கக் கட்டத்தின் இரண்டாம் படியான ஏ2 நிலை முடியும் தறுவாயில் இருக்கிறது.

வகுப்பு, புத்தகம், அகராதி எல்லாமே ஆங்கிலத்தின் வழியாகத்தான் கிடைக்கின்றன. என் நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் இத்தாலியமும் எழுதி வைத்திருக்கிறேன். கட்டில், ஊசி, மாத்திரை போன்ற பெயர்களில் தொல்லை இல்லை. ஆனால் நாள் முழுவதும் வாயில் வரும் சிறு தொடர்கள்தாம் பிடிபட மறுக்கின்றன. 'டேக் கேர்', 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ', 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்', 'ஆக்சுவலி' ஆகியவற்றுக்குச் செயலி ஒரு விடை தருகிறது; எங்கள் ஆசிரியையோ அதைக் கேட்டுவிட்டு, "புரிகிறது, ஆனால் எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்" என்கிறார். ஆங்கில மரபுத்தொடர்களுக்கு இணையான இத்தாலியத் தொடர்களைத் தொகுத்த பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்தால் இந்தக் குறை தீருமா, அல்லது ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்தே நேராகப் படிப்பது நல்லதா? உரோமையில் படித்த குருக்களும் அருட்சகோதரிகளும் கப்பலில் பணியாற்றியவர்களும் நம் மாவட்டத்தில் பலர் இருப்பதால், இங்கே கேட்டால் பட்டறிவோடு பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பதில்: உரோமையிலிருந்து ஒரு சகோதரி

அன்புத் தங்கைக்கு வாழ்த்துகள். நான் குளச்சல் பகுதியைச் சேர்ந்தவள். எங்கள் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் பணி செய்கிறேன். உன் நோட்டின் இடப்பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தமிழை எழுது என்பதே என் முதல் அறிவுரை. ஊர்ப்பற்றினால் இதைச் சொல்லவில்லை. வாக்கியம் அமையும் விதத்தில் பல இடங்களில் இத்தாலியம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அருகில் நிற்கிறது என்பதால் சொல்கிறேன்.

'எனக்கு மீன் பிடிக்கும்' என்று நாம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக வந்து மீனை விரும்ப வேண்டியிருக்கிறது. இத்தாலியத்திலோ 'மி பியாச்சே இல் பெஷ்ஷே' என்பார்கள். 'மி' என்பது நம் 'எனக்கு', மீன்தான் எழுவாய். மீனுக்குப் பதிலாக இறால்கள் என்று பன்மை வந்தால் வினை 'பியாச்சோனோ' என்று மாறும் என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே 'மி ஃபா மாலே லா தேஸ்தா' என்று வரும். பசிக்கும் குளிருக்கும் வயதுக்கும் 'உடைமை' வினையைப் பயன்படுத்துவார்கள்: 'ஓ ஃபாமே' என்றால் எனக்குப் பசி, 'ஓ ஃப்ரெத்தோ' என்றால் எனக்குக் குளிர்கிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 'சோனோ ஃப்ரெத்தோ' என்று ஒருவர் சொன்னால், 'நான் உணர்ச்சியற்றவன்' என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'எனக்கு' என்று வரும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தின் 'நான்' உன்னை வழிதவறச் செய்யும்.

இனி மரியாதையைப் பற்றிச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் இதுதான் தலையாயது. 'தூ' என்பது நம் 'நீ'. பெரியவர்களிடமும் அறிமுகம் இல்லாதவர்களிடமும் 'லேய்' என்று சொல்ல வேண்டும். இச்சொல்லின் நேர்ப்பொருள் 'அவள்' என்பதுதான். எனினும் எதிரே இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் மரியாதைக்கு இதுவே வரும், வினையும் படர்க்கையில் வரும். நம் ஊரில் ஆயரைப் பார்த்து, "ஆண்டகை அவர்கள் எப்போது வருவார்கள்?" என்று அவரிடமே படர்க்கையில் கேட்பதில்லையா? அந்த வழக்கத்தை நினைத்துக்கொண்டால், 'எப்படி இருக்கிறீர்கள்?' என்னும் பொருளில் 'கோமே ஸ்தா?' என்பது இயல்பாக வந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' என்பதால், தமிழில் 'நீங்கள்' என்று தொடங்கிய வாக்கியம் ஆங்கிலம் வழியாகப் போகும்போது மரியாதையை இடையிலேயே தொலைத்துவிட்டு, மறுபுறம் 'நீ' என்று வந்து நிற்பதற்கு இடமுண்டு. எண்பது வயது மூதாட்டியை முதல் நாளே 'தூ' என்று அழைத்தால், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். முகம் மட்டும் சுருங்கும்.

தமிழும் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. நாம் அறியாத முதியவரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று உறவுமுறை சொல்லி அழைப்போம். அங்கே 'நோன்னா' என்று அழைப்பதைச் சிலர் பாசமாக ஏற்பார்கள், சிலர் தம்மைக் குழந்தையாக நடத்துவதாக எண்ணி வருந்துவார்கள். ஆகவே 'சிஞ்ஞோரா' என்று சொல்லிக் குடும்பப் பெயரையும் சேர்த்து அழைப்பதே பாதுகாப்பானது. கேரள எல்லைக்கு அப்பால் 'ஞான்' என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த 'ஞ்ஞ' எளிதாக வரும் என்பது சிறு இலாபம்.

ஒரு காலைப் பொழுதைச் சொன்னால் உனக்கு விளங்கும். அறைக்கதவைத் தட்டிவிட்டு 'பெர்மெஸ்ஸோ' என்று சொல்லி நுழைவோம். 'உள்ளே வரலாமா' என்பது பொருள். 'போன்ஜோர்னோ, சிஞ்ஞோரா, ஆ தொர்மீதோ பேனே?' என்று உறக்கத்தை விசாரித்துக்கொண்டே சன்னலின் சுருள் மறைப்பை நாடாவைப் பிடித்து இழுத்து உயர்த்துவோம். பால் கலந்த காப்பியும் மொறுமொறுப்பான ரொட்டித் துண்டுகளும் வரும். தட்டை நீட்டும்போது 'ப்ரேகோ'. அவர் நன்றி சொன்னால் அதற்கும் 'ப்ரேகோ'. அவர் ஏதோ கேட்க நினைத்து உன் முகத்தைப் பார்த்தால் 'மி தீக்கா'. நீ கேட்ட 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ' என்பதற்கு விடை இந்த இரண்டு சொற்கள்தாம். அவற்றின் பொருள் 'சொல்லுங்கள்'. நம் ஊர்க் கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்து 'சொல்லுங்க' என்பாரே, அதே தொனிதான். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நம் மாவட்டத்திலிருந்து வந்திருந்தவர்களில் சிலர், வத்திக்கானுக்கு வெளியே உள்ள கடைகளில் 'மே ஐ ஹெல்ப் யூ' என்ற குரலுக்காகக் காத்து நின்றார்கள். கடைக்காரரோ 'மி தீக்கா' என்று சொல்லிவிட்டு இவர்கள் வாய் திறப்பதற்காகக் காத்து நின்றார்.

'டேக் கேர்' என்பது நோயாளியிடம் 'சி ரிக்வார்தி' என்றாகும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். 'கவலைப்படாதீர்கள்' என்பது 'நோன் சி ப்ரெயோக்குப்பி'. 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. 'நோன் வேதோ லோரா' என்பார்கள். 'அந்த நேரம் கண்ணில் படவில்லையே' என்பது அதன் நேர்ப்பொருள்; பேரன் எப்போது வருவான் என்று காத்திருக்கும் பாட்டியின் வாயில் நீ இதை நாள்தோறும் கேட்பாய்.

மருத்துவச் சொற்களில் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு முதியவர் 'சோனோ கோஸ்திப்பாத்தோ' என்றால், ஆங்கிலச் சொல்லை நினைத்து மலமிளக்கி எடுக்க ஓடாதே. அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் சளி பிடித்து மூக்கடைத்திருப்பதைக் குறிக்கும். மலச்சிக்கல் உள்ளவரை 'ஸ்தீத்திக்கோ' என்பார்கள். 'பரேந்தி' என்றால் பெற்றோர் இல்லை, உறவினர், பெற்றோர் 'ஜெனித்தோரி'. கையொப்பம் வாங்குவதற்கு யாரை அழைக்க வேண்டும் என்பதில் இந்தக் குழப்பம் வரவே கூடாது.

பதில்: முட்டத்துக் கப்பல்காரன்

தங்கச்சி, சகோதரி சொன்னவற்றுக்கு மேல் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஜெனோவா, நாப்போலி, ஜோயா தவுரோ துறைமுகங்களுக்கு அடிக்கடி சென்று வந்த கப்பல்களில், இத்தாலிய அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவன் நான். மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. 'பூனையும் நாயுமாக மழை பெய்கிறது' என்று ஆங்கிலேயர் சொல்வதற்கு இணையாக, இத்தாலியர் 'கிண்ணம் கிண்ணமாகப் பெய்கிறது' என்பார்கள். 'பியோவே ஆ கத்தினெல்லே'. உண்மையில் மழை பெய்யும்போது மேல்தளத்தில் நிற்கிறவன் 'பியோவே' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடுவான்.

பயன்படும் தொடர்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். தேர்வுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ போகிறவரிடம் 'இன் போக்கா அல் லூப்போ' என்பார்கள். 'ஓநாயின் வாய்க்குள்' என்று பொருள், வாழ்த்துத்தான், பயந்துவிடாதே. அதற்கு நன்றி சொல்வது பழைய வழக்கம் இல்லை. 'க்ரேப்பி' என்று சொல்ல வேண்டும், அந்த ஓநாய் சாகட்டும் என்று பொருள். இரகசியம் காக்கச் சொல்ல 'ஆக்வா இன் போக்கா', அதாவது வாயில் தண்ணீர். பேச்சு முழுவதும் வரும் ஒன்று 'மகாரி': 'சம்பளம் கூடுமாமே' என்றால் 'மகாரி!' என்று பெருமூச்சு விடுவான். 'நடந்தால் நல்லதுதான்' என்று நாம் இழுப்போமே, அதே இழுப்பு. சில இடங்களில் அதே சொல் 'ஒருவேளை' என்றும் வரும்.

பட்டியலில் இல்லாத ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சொல் போலவே காதில் விழும், பொருள் இத்தாலியருக்கே உரியதாக இருக்கும். 'பாக்ஸ்' என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. 'கோல்ஃப்' என்றால் விளையாட்டு மட்டும் இல்லை, கம்பளிச் சட்டையும்கூட. நம் ஊர் மருத்துவமனைகளில் எதற்கெடுத்தாலும் 'ஸ்லிப் கொடுங்கள்' என்று கேட்டுப் பழகிய வாய், அங்கே சீட்டுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடக் கூடாது; 'ஸ்லிப்' என்றால் உள்ளாடை. 'டிக்கெட்' என்பதோ அரசு மருத்துவச் சேவையில் நோயாளி தம் பங்காகச் செலுத்தும் கட்டணம். உணவகத்தில் 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால்தான் வரும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், நாகர்கோவில்

'மக்களே' என்று உன்னை அழைக்கும் வயது எனக்கு ஆகிவிட்டது என்பதால் உரிமையோடு எழுதுகிறேன். ஆங்கிலத்தை முற்றிலும் ஒதுக்கிவிடு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சகோதரி வாக்கிய அமைப்பைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் சொற்களைப் பொறுத்தவரை உன் ஆங்கிலம் உனக்குப் பெரும் முதலாக இருக்கிறது. ஆங்கிலத்தின் மருத்துவச் சொற்களில் பெரும்பகுதி இலத்தீனிலிருந்தும், இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. இத்தாலியமோ இலத்தீனின் நேர் வாரிசு. 'ஆபரேஷன்' 'ஓப்பெராட்சியோனே' ஆகும், 'இன்ஃபெக்‌ஷன்' 'இன்ஃபெட்சியோனே' ஆகும், 'பாசிபிலிட்டி' 'பொஸ்ஸிபிலித்தா' ஆகும். இறுதி ஒலி எப்படி மாறும் என்பதை ஒருமுறை பழகிக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் உழைப்பில்லாமல் வந்து சேரும். தமிழிலிருந்து நேராகப் படிப்பவருக்கு இந்த வசதி இல்லை.

இந்த வசதியே சில இடங்களில் வலையாகவும் ஆகும். நீ கேட்ட 'ஆக்சுவலி' அப்படிப்பட்டது. அதைப் போலவே ஒலிக்கும் 'அத்துவால்மெந்தே' என்பதற்கு 'தற்போது' என்று பொருள். நீ நினைப்பது 'இன் ரேயால்தா', அதாவது 'உண்மையில்'. 'ஈவென்ச்சுவலி' என்பதை 'எவெந்துவால்மெந்தே' என்று பெயர்த்தால், 'கடைசியில் மருத்துவர் வந்துவிடுவார்' என்ற உறுதிமொழி, 'தேவைப்பட்டால் வரக்கூடும்' என்று தளர்ந்துவிடும். 'அல்லா ஃபீனே' என்று சொல்வதே சரி. 'லைப்ரரி' என்று எண்ணி 'லிப்ரெரீயா'வுக்குள் போனால் அங்கே புத்தகம் விலைக்குத்தான் கிடைக்கும், நூலகம் 'பிப்லியோதேக்கா'. உணவில் சேர்க்கப்படும் பதப்படுத்திகளை 'ப்ரெசெர்வத்தீவி' என்று சொன்னால் அறையில் இருப்பவர்கள் அனைவரும் சிரிப்பார்கள், ஏனென்றால் அது ஆணுறை. நீ தேடும் சொல் 'கோன்செர்வாந்தி'. 'ரிச்செத்தா' மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டையும் குறிக்கும், சமையல் குறிப்பையும் குறிக்கும். 'தொத்தோரே', 'தொத்தோரெஸ்ஸா' என்று யாரையாவது அழைப்பதைக் கேட்டவுடன் அவரை மருத்துவர் என்று முடிவு செய்துவிடாதே. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களை அப்படி அழைக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு.

மரியாதைச் சொல்லைப் பற்றி ஒரு கொசுறு. முசோலினியின் ஆட்சி 1938இல் 'லேய்' என்பதை விலக்கிவிட்டு 'வோய்' என்று சொல்லுமாறு கட்டளையிட்டது. 'வோய்' என்பது பன்மை, நம் 'நீங்கள்' என்பதற்கு இணை. அந்த ஆட்சி போனது, 'லேய்' மீண்டது. எனினும் தெற்கில், குறிப்பாக நாப்போலிப் பக்கம், முதியவர்கள் அந்த ஆட்சிக்கு நெடுங்காலம் முன்பிருந்தே 'வோய்' என்றுதான் பேசி வந்திருக்கிறார்கள், இன்றும் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் திகைக்க வேண்டாம். அவர்கள் உனக்கு மரியாதை கொடுக்கிறார்கள்.

ஒலிப்பில் தமிழுக்குள்ள வலிமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தாலியத்தில் மெய் இரட்டித்தால் பொருள் மாறும். ஆங்கில எழுத்தில் இரட்டை மெய் இருந்தாலும் உச்சரிப்பில் அது பெரும்பாலும் ஒற்றைதான். தமிழ்க் காதுக்கோ 'வளம்' வேறு, 'வள்ளம்' வேறு. 'பாலா' என்றால் மண்வெட்டி, மெய்யை இரட்டித்து அழுத்தி 'பால்லா' என்றால் பந்து. வயதைச் சொல்லும்போது 'ஆன்னி' என்பதில் உள்ள 'ன்ன' தேய்ந்துவிட்டால் ஆசனவாயைக் குறிக்கும் சொல் ஆகிவிடும். செவிலியர் இதில் கவனமாக இருப்பது நல்லது. நம் எழுத்துக்கு வராத வேறுபாடும் உண்டு: தமிழில் எழுதினால் உண்ணும் 'பாஸ்தா'வும் 'போதும்' என்று பொருள்படும் 'பாஸ்தா'வும் ஒன்றுபோல் தெரியும். உணவு பரிமாறும் வேலையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க நேரும் என்பதால், இத்தாலியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

மரபுத்தொடர்களைக் கப்பல்கார நண்பர் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் தமிழோடு வைத்துப் பார்த்தால் தாமாகவே நினைவில் தங்கும். ஒரே கல்லில் நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். ஆங்கிலேயர் பறவைகளைக் கொல்கிறார்கள். இத்தாலியர் ஒரே அவரை விதையைப் போட்டு இரண்டு புறாக்களைப் பிடிக்கிறார்கள். நாம் தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்போம், அவர்கள் அன்பளிப்புக் குதிரையின் வாயைப் பார்க்க வேண்டாம் என்பார்கள். 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்பதற்கு 'துத்தோ இல் மோந்தோ எ பயேசே' என்பதைவிட நெருங்கிய இணை ஆங்கிலத்தில் எனக்குத் தென்படவில்லை. உலகம் முழுவதும் ஒரே ஊர்தான் என்பது அதன் நேர்ப்பொருள். எப்போதாவது நடப்பதை 'ஒவ்வொரு பாப்பரசர் இறக்கும்போதும்' என்பார்கள், 'ஆ ஓஞ்ஞி மோர்த்தே தி பாப்பா'. உரோமைக்கு அருகில் வாழும் மக்கள் காலத்தை அளக்கும் விதம் அது. இவற்றை நீ பேச வேண்டும் என்பதில்லை. முதியவர்கள் பேசும்போது புரிந்தால் போதும், அவர்கள் பேச்சில் இவை நிறைய வரும்.

தக்கலைச் செவிலி

சிஸ்டர், அண்ணன், சார், மூவருக்கும் நன்றி. நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்துவிட்டேன்: தமிழ், இத்தாலியம், மூன்றாவதாக ஆங்கிலம். ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. வேலையில் நான் மிகுதியாகச் சொல்லும் ஆங்கிலச் சொல் 'சாரி'. ஊசி குத்தும்போது வலித்தாலும், கூட்டத்தில் வழி கேட்டாலும், ஒருவர் சொன்னது காதில் விழாவிட்டாலும், இறந்தவரின் வீட்டாரிடமும் இதையே சொல்கிறோம். அகராதி 'ஸ்கூசி', 'மி திஸ்பியாச்சே' என்று இரண்டு தருகிறது. எங்கே எதைச் சொல்வது?

உரோமையிலிருந்து ஒரு சகோதரி

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய். நீ சொன்ன நான்கையும் தமிழில் சொல்லிப் பார், நான்கும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இத்தாலியமும் அப்படித்தான் பிரிக்கிறது.

உன் கை தவறி மேலே பட்டுவிட்டால், 'மன்னியுங்கள்' என்னும் பொருளில் 'மி ஸ்கூசி'. ஊசியால் வலித்தது உன் குற்றம் அன்று, ஆகவே அங்கே 'மி திஸ்பியாச்சே', 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்பது பொருள். இதிலும் பழைய 'எனக்கு' வந்து நிற்பதைப் பார். கூட்டத்தில் வழி வேண்டுமானால் 'பெர்மெஸ்ஸோ'. காதில் விழாவிட்டால் 'கோமே, ஸ்கூசி?' என்று கேட்கலாம், வெறும் 'கே?' என்பது 'என்ன?' என்று வெடுக்கெனக் கேட்பதுபோல் இருக்கும், முதியவர்களிடம் வேண்டாம்.

இறந்தவரின் வீட்டாரிடம் 'ஸ்கூசி' என்று ஒருபோதும் சொல்லாதே. நீ ஏதோ தவறு செய்துவிட்டதாகவும், மரணத்துக்கு இல்லம் பொறுப்பேற்பதாகவும் தோன்றிவிடும். 'கோந்தோலியான்ட்சே' என்று சொல்லிக் கையைப் பற்றிக்கொள். முன்னால் 'செந்தீத்தே' என்பதைச் சேர்த்தால் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றாகும். மனம் நெருங்கிய குடும்பமாக இருந்தால் 'மி திஸ்பியாச்சே தாந்தோ' என்பதும் பொருந்தும். அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. தேர்வில் கடிதம் எழுதச் சொல்லும் பகுதியில் ஆறுதல் கடிதம் வந்தாலும் இவையே போதும். பெறுபவர் பெரியவர் என்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 'லேய்' வடிவத்தை விட்டு விலகாமல் எழுது, இடையில் 'தூ' புகுந்துவிடுகிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு தாளைக் கொடு.